வீட்டு வளாகத்தில் காங்கிரீட் தளம்: கொட்டுவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

கார் நிறுத்த, தண்ணீர்த் தொட்டி வைக்க, பின்கட்டில் துணி துவைக்க என்று வீட்டைச் சுற்றித் தளம் போட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது சிமெண்டின் பெயரைத்தான். கட்டட மேற்பார்வை வேலையில் நான் பார்த்த பிளந்த தளங்களைக் கெடுத்தது பெரும்பாலும் அடியில் இருந்த மண்ணும், கணக்கில்லாமல் ஊற்றிய தண்ணீரும். அதனால் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை மண்ணிலிருந்தே தொடங்கி இங்கே எழுதியிருக்கிறேன். கணக்குக்கு எல்லா இடத்திலும் 10 அடி அகலம், 20 அடி நீளமுள்ள கார் தளத்தையே எடுத்துக்கொள்கிறேன். இது தரைமேல் படுக்கும் தளத்துக்கான பக்கம். கூரைத் தளத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குக் கட்டடப் பொறியாளர் வேண்டும்.

1. எங்கள் வாசல் மண் கெட்டியாகத்தான் இருக்கிறது. அப்படியே மேலே காங்கிரீட் கொட்டிவிடலாமா?

கூடாது. வெயிலில் காய்ந்த எந்த மண்ணும் கெட்டியாகத்தான் தெரியும். மாலையில் அந்த இடத்தை நன்றாக நனைத்துவிட்டு மறுநாள் காலையில் குதிகாலை ஊன்றிப் பாருங்கள். கால் புதைந்தால் காரின் சக்கரமும் ஒருநாள் புதையும். மேல்மண்ணில் வேர், சருகு, பழைய கட்டட இடிபாடு, பிளாஸ்டிக் பை எல்லாம் கலந்திருக்கும். இவை மட்கி அடங்கும்போது தளத்துக்கு அடியில் வெற்றிடம் உண்டாகும். மேலே சக்கரம் ஏறியதும் அந்த இடத்தில் தளம் முறியும்.

பொதுவாக 8 அங்குலம் தோண்டி எடுக்க வேண்டும். அதில் 4 அங்குலம் கிராவல், 4 அங்குலம் காங்கிரீட். வேர் இன்னும் கீழே இறங்கியிருந்தால் அதுவரை தோண்டுங்கள். கிராவலை ஒரே வீச்சில் கொட்டி மேலே மட்டும் இடிப்பது வீண் வேலை. இரண்டு அடுக்காகப் பரப்பி, ஒவ்வொன்றையும் ஈரப்படுத்தி இடிக்க வேண்டும். ஈரம் என்றால் சேறு அல்ல; கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு. திமிசுக் கட்டை (மண்ணை இடித்து இறுக்கும் கனமான கட்டை) விழும் சத்தத்தைக் கவனியுங்கள். முதலில் மந்தமாக அமுங்கிய ஓசை வரும். மண் இறுக இறுக அது கணீரென்று மாறி, கட்டை கையில் துள்ளத் தொடங்கும். அதுவரை இடிக்க வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் தட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தால் அரை நாளில் முடிந்துவிடும். நமது அளவுக்கு இறுகிய கிராவல் 67 கன அடி. உதிரியாக வாங்கும்போது 85 கன அடி வேண்டும்.

2. தளத்தின் கனம் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும்?

நடைபாதைக்கும் துவைக்கும் இடத்துக்கும் 3 அங்குலம். காருக்கு 4. பெரிய வண்டி, அல்லது மண் சுமாராக இருந்தால் 5. தண்ணீர் லாரி உள்ளே வந்து திரும்புமானால் 6 அங்குலமும் கம்பியும். 6,000 லிட்டர் லாரியில் தண்ணீரின் எடை மட்டுமே 6 டன்.

4 அங்குலத்தை 5 ஆக்கினால் செலவு கால் பங்குதான் கூடும். ஆனால் வளைவைத் தாங்கும் வலிமை கனத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அது பாதிக்கு மேல் கூடிவிடும். கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் விலை கூடிய சிமெண்டை விட இந்த ஓர் அங்குலத்துக்கே முதலிடம் கொடுப்பேன்.

3. எங்கள் ஊர் கரிசல் மண். பக்கத்து வீட்டுத் தளம் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கிறது. எங்களுக்கும் அதே கதிதானா?

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல், நனைந்தால் உப்பும், காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் படுத்திருக்கும் தளத்தை ஆண்டுக்கு ஒருமுறை தூக்கி இறக்கும். அதுவும் சீராகத் தூக்காது. வெளியோரம் சீக்கிரம் நனைந்து சீக்கிரம் காயும். தளத்தின் நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். இந்த ஏற்றத்தாழ்வில்தான் தளம் முறிகிறது.

ஒன்றரை முதல் இரண்டு அடி வரை கரிசலை அகற்றி, செம்மண் கிராவலை 6 அங்குல அடுக்குகளாக இறுக்கி நிரப்புங்கள். வெறும் மணலால் நிரப்பாதீர்கள். சுற்றிலும் கரிசல் இருக்க நடுவில் மணல் குழி இருந்தால், மழைநீர் அங்கே இறங்கித் தொட்டிபோல் தேங்கி அடிக்கரிசலை ஊறவைக்கும். தளத்தின் ஓரத்தில் தண்ணீர் நிற்காதபடி வாட்டம் (சரிவு) கொடுங்கள். தளத்தை ஒட்டிச் செடி வைத்துத் தினமும் தண்ணீர் விடுவதையும் தவிருங்கள்.

இவ்வளவு தோண்ட வசதியில்லை என்றால் காங்கிரீட்டை விட்டுவிட்டு, பதிகற்கள் (பேவர் பிளாக்) போடுவதே நல்லது. மண் அசைந்தால் கற்களைப் பெயர்த்துச் சமன்செய்து மீண்டும் அடுக்கிக்கொள்ளலாம். கரிசலுக்கு இது இரண்டாந்தர வழி என்று நான் நினைக்கவில்லை.

4. வாட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு கொடுப்பது?

வீட்டுச் சுவரிலிருந்து விலகும் திசையில். 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் போதும். சொரசொரப்பான மேற்பரப்பு என்றால் 2 அங்குலம். இந்த வாட்டத்தைக் கிராவல் மட்டத்திலேயே கொடுத்துவிட வேண்டும். அடிமட்டத்தைச் சமமாக விட்டு, மேலே காங்கிரீட்டில் வாட்டம் எடுத்தால் ஒரு பக்கம் 5 அங்குலமும் மறுபக்கம் 3 அங்குலமும்தான் வரும்.

டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்து மூலைகளில் முளையடித்து நூல் கட்டிய பிறகு நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். திண்ணையின் மட்டத்துக்கும் தளத்துக்கும் குறைந்தது 6 அங்குலம் இறக்கம் இருக்கட்டும். தெருவில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் மட்டம் ஏறுகிற ஊர்களில், இன்றைக்குத் தெருவை விட ஓர் அங்குலம் உயரமாக இருந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். கேட்டுக்கு வெளியே சாய்தளம் வேண்டுமென்றால், அந்த இடம் உங்களுடையது அல்ல. மாநகராட்சி அல்லது ஊராட்சிக்குச் சொந்தமானது. மழைநீர்க் கால்வாயை மூடிக் காங்கிரீட் போடக் கூடாது.

5. கம்பி கட்டாயம் போட வேண்டுமா?

நல்ல செம்மண், 4 அங்குலம், கார் மட்டும் என்றால் கம்பி இல்லாமலே போடலாம். கம்பி வெடிப்பைத் தடுப்பதில்லை. வெடித்த பின் இரண்டு பக்கமும் விலகாமல் பிடித்துக்கொள்கிறது. நிரப்பிய மனை, கரிசல், லாரி போக்குவரத்து என்றால் கட்டாயம் போடுங்கள். 8 மி.மீ. கம்பியை இரு திசையிலும் 8 அங்குல இடைவெளியில் கட்டினால் நமது அளவுக்கு 40 அடிக் கம்பி 16 வேண்டும். எடை சுமார் 75 கிலோ.

போடுவதைவிட அது எங்கே நிற்கிறது என்பது முக்கியம். பல இடங்களில் கம்பியைத் தரையில் விரித்து, அதன்மேல் நடந்துகொண்டே காங்கிரீட் கொட்டி, இடையிடையே கொக்கியால் தூக்கிவிடுகிறார்கள். கொக்கியை எடுத்ததும் கம்பி திரும்பவும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே அது மண் ஈரத்தில் துருப்பிடிப்பதைத் தவிர வேறு எதற்கும் பயன்படாது. தரைத்தளத்தில் கம்பி மேல் பாதியில், மேற்பரப்பிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே நிற்க வேண்டும். அந்த உயரத்துக்கான கவர் பிளாக்குகளை (கம்பியைத் தாங்கி நிறுத்தும் சிறு கட்டைகளை) மூன்றடிக்கு ஒன்றாக வைத்துக் கட்டுங்கள்.

6. எந்தக் கலவை? எத்தனை மூட்டை வாங்குவது?

எம்20 கலவை, அதாவது சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, முக்கால் அங்குல ஜல்லி மூன்று பங்கு. நமது தளம் 4 அங்குலத்தில் 67 கன அடி. அதற்குச் சிமெண்ட் 15 மூட்டை, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) 28 கன அடி, ஜல்லி 56 கன அடி. சேதாரத்துக்கு ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

பூச்சு வேலைக்கான பி-சாண்ட் மிச்சமிருக்கிறது என்று இதில் கலக்காதீர்கள். அது மிக நைசானது. தண்ணீரை நிறையக் குடிக்கும். பங்கு அளப்பதற்கு ஒரு மூட்டைச் சிமெண்ட் ஒன்றேகால் கன அடி என்று வைத்து, அதே கொள்ளளவில் ஒரு பெட்டி செய்துகொண்டால் கணக்கு தவறாது. பாண்டு (கலவை அள்ளும் சட்டி) கணக்கில் போட்டால், காலையில் தலைதட்டி அள்ளுவது மாலையில் கோபுரமாகிவிடும்.

7. சரி, எந்த சிமெண்ட் நல்லது?

இந்தியத் தர முத்திரை உள்ள, புதிதாக வந்த எதுவும். மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் ஆனதை வாங்க வேண்டாம். பி.பி.சி. (போர்ட்லேண்ட் போசோலானா என்ற கலப்புச் சிமெண்ட்) வகை தளத்துக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் அது மெதுவாக வலுப்பெறும். அதற்கேற்ற பொறுமை வேண்டும் (கேள்வி 12).

8. தண்ணீரைக் கூட்டினால்தான் கலவை ஓடும் என்கிறார் மேஸ்திரி. நான் என்ன சொல்வது?

மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கிடையாது என்று சொல்லுங்கள். எம்20 கைக்கலவைக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 சொல்லும் உச்ச அளவு அது. வேலையிடத்தில் 20 லிட்டர் பெயிண்ட் வாளி எப்படியும் கிடக்கும்; மூட்டைக்கு ஒன்றரை வாளி. மணல் ஈரமாக வந்திருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். சிமெண்ட் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் போகும். அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக நிற்கும். வலிமை குறையும், சுருக்கம் கூடும், மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிரும்.

மேஸ்திரியின் கஷ்டமும் நியாயமானது. எம்-சாண்டின் துகள் முனை கூர்மையானது. ஆற்று மணலைப்போல் கலவை வழுக்கிப் போகாது. அதற்குத் தீர்வு தண்ணீர் அல்ல. கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் திரவம். சிமெண்ட் கடையிலேயே கிடைக்கும். டப்பாவில் போட்டிருக்கும் அளவை மீறாமல் ஊற்றினால், அதே தண்ணீரில் கலவை நன்றாக விரியும். கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரும் ஒன்று வாடகைக்கு எடுத்துவிட்டால் அவரும் தண்ணீர் கேட்கமாட்டார்.

9. ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

கம்பி இல்லாத தளம் என்றால் ஓரளவு உப்பைத் தாங்கும். கம்பி உள்ள தளம் தாங்காது. ஐ.எஸ். 456 குளோரைடுக்கு வைத்திருக்கும் வரம்பு, கம்பி இல்லாத காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம். கம்பி உள்ளதற்கு 500 தான். தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கடலோர ஊர்க்காரர்கள் கலப்பதற்காவது நல்ல தண்ணீர் லாரி ஒன்று வாங்கிவிடுவது நல்லது. நமது தளத்துக்கு 500 லிட்டருக்குள்தான் தேவை.

10. ரெடிமிக்ஸ் (ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் காங்கிரீட்) வாங்கினால் தொல்லை இல்லையே?

தரம் சீராக இருக்கும், உண்மைதான். ஆனால் நமது அளவு இரண்டு கன மீட்டருக்கும் குறைவு. லாரியின் கொள்ளளவில் சிறு பகுதிக்காகக் குறைந்தபட்சக் கட்டணம் கொடுக்க வேண்டிவரும். ஆறு கன மீட்டருக்கு மேல் என்றால் யோசிக்கலாம். லாரி தெருவில் நுழையுமா, தள்ளுவண்டியில் அள்ளிப்போட ஆள் தயாராக இருக்கிறார்களா என்று முன்பே பாருங்கள். வந்த லாரியில் தண்ணீர் ஊற்றச் சொன்னால், கேள்வி 8-இல் சொன்ன எல்லாக் கேடும் உங்கள் காசிலேயே நடக்கும்.

11. வெடிப்பே வராமல் தளம் போட முடியுமா?

முடியாது. காங்கிரீட் காயும்போது சுருங்கியே தீரும். அது எங்கே வெடிக்க வேண்டும் என்று நாம் இடம் குறித்துக் கொடுக்கலாம். 4 அங்குலத் தளத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் 10 அடிக்கு மேல் போகக் கூடாது. எனவே நமது தளத்தில் நட்டநடுவே ஓர் இணைப்புக்கோடு. இரண்டு 10க்கு 10 சதுரங்கள். கோட்டின் ஆழம் கனத்தில் கால் பங்கு, அதாவது ஓர் அங்குலம். கொட்டிய மறுநாள் காலைக்குள் இயந்திரத்தால் வெட்டிவிட வேண்டும். நம் வெயிலுக்கு அதற்கு மேல் தாமதித்தால் தளம் தானே ஒரு கோட்டைத் தேர்ந்துகொள்ளும். இயந்திரம் இல்லையென்றால் நடுவில் பலகை வைத்து ஒரு சதுரத்தை முதலிலும் மற்றதைப் பிறகும் கொட்டலாம். கம்பி கட்டியிருந்தால் அதையும் அந்தக் கோட்டோடு நிறுத்திவிடுங்கள். மேலே நூல் அழுத்திப் போடும் கோடு அழகுக்கு மட்டுமே. அந்த ஆழத்துக்கு அது எதையும் செய்யாது.

வீட்டுச் சுவரும் தூணும் தளத்தோடு ஒட்டக் கூடாது. அரை அங்குலத் தெர்மாகோல் பட்டையை இடையில் வையுங்கள். வீடு அதன் அஸ்திவாரத்தில் நிற்கிறது, தளம் மண்ணில் படுத்திருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி இறங்காது. கழிவுநீர்ப் பெட்டியின் மூலையிலிருந்து வெடிப்பு கிளம்புவது வழக்கம், அதனால் இணைப்புக்கோட்டை அந்த மூலை வழியாகவே கொண்டுபோங்கள்.

12. எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும்? கார் எப்போது ஏற்றலாம்?

ஐ.எஸ். 456 சொல்வது குறைந்தது 7 நாள். வறண்ட வெப்பமான சூழலிலும், பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்கும் 10 நாள். கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்றும் அதுவே சொல்கிறது. நம் ஊர்களில் நான் 14 நாளுக்குக் குறைய ஒப்புக்கொள்வதில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை குழாயைப் பிடித்துக் காட்டுவது நீராற்றுதல் ஆகாது. நண்பகலில் தளம் வெளுத்துக் கிடந்தால் அந்த நாள் கணக்கில் சேராது. ஓரங்களில் களிமண்ணால் வரப்பு கட்டி, பாத்தியாக ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். வாட்டம் இருப்பதால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கும். குறுக்கே இன்னும் இரண்டு வரப்பு போட்டால் நிற்கும். தண்ணீர்ப் பஞ்சமான இடத்தில் ஈரச் சாக்கு விரித்து, மேலே பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள்.

மறுநாள் வெறுங்காலோடு நடக்கலாம், ஒரு வாரத்தில் இரு சக்கர வண்டி, 14 நாளுக்குப் பிறகு கார், 28 நாளுக்குப் பிறகு லாரி.

13. மேலே சிமெண்ட் தூவி வழவழப்பாக இழைத்துக் கொடுக்கச் சொல்லலாமா?

வேண்டாம். காங்கிரீட்டைச் சமன்படுத்திய சிறிது நேரத்தில் மேற்பரப்பில் தண்ணீர் கசிந்து மினுமினுக்கும். அந்த ஈரத்தை உறிஞ்சத்தான் வெறும் சிமெண்டைத் தூவுகிறார்கள். மேலே வலுவற்ற மெல்லிய படலம் ஒன்று உண்டாகி, ஆறு மாதத்தில் வலைவலையாகக் கீறி, செதில் செதிலாகப் பெயர்கிறது. மினுமினுப்பு தானாக மங்கும்வரை கரண்டியைத் தொடக் கூடாது. மங்கிய பிறகு மணியாசுக் கட்டையால் (மரத் தேய்ப்புக் கட்டையால்) தேய்த்து, நார்த்துடைப்பத்தால் வாட்டத்தின் திசையில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டால் மழைக்காலத்தில் கால் வழுக்காது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே செய்யாதீர்கள்.

14. கொட்டிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டால்?

தார்ப்பாய் விரித்து மூடி, ஓரத்தில் தண்ணீர் வடிய வழிசெய்துவிட்டுக் காத்திருங்கள். தேங்கிய மழைநீரைக் கலவைக்குள் சேர்த்துத் தேய்க்க வேண்டாம். மறுநாள் ஆணியால் கீறிப் பாருங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் தளம் பிழைத்தது. ஆணி பள்ளம் பறித்தால் அந்த மேற்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சரிசெய்ய முடியும். ஐப்பசி, கார்த்திகையை விட்டு, தை, மாசியில் வேலையை வைத்துக்கொண்டால் மழைக்கும் கடும் வெயிலுக்கும் நடுவே நல்ல காலம் கிடைக்கும். சித்திரை வெயிலில்தான் போட்டாக வேண்டுமென்றால் விடியற்காலையில் தொடங்குங்கள்.

15. தளத்துக்குக் கீழே குழாய்களும் செப்டிக் டேங்கும் இருக்கின்றன. மூடிவிடலாமா?

குழாய்களை மூடலாம், திறப்புகளை மூடக் கூடாது. சோதனைப் பெட்டிகளின் சட்டத்தைப் புதிய மட்டத்துக்கு உயர்த்திக் கட்டி, வண்டி ஏறினால் தாங்கும் மூடி போடுங்கள். நாளை ஒரு மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ குறுக்கே போகவேண்டி வரலாம். இப்போதே 4 அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை வெறுமனே பதித்து, இரு முனையையும் மூடிவையுங்கள். செப்டிக் டேங்கின் மேல்மூடி காரின் எடையைக் கருதிப் போடப்பட்டிருக்காது. அதன்மேல் தளம் போட்டு வண்டி நிறுத்தும் யோசனையைப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

16. பழைய தளத்தின்மேலேயே இன்னும் இரண்டு அங்குலம் போட்டால் செலவு மிச்சம்தானே?

முதலில் பழைய தளத்தைக் கடப்பாரையின் பின்முனையால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று ஓசை வரும் இடமெல்லாம் அடிமண் இறங்கிவிட்ட இடம். அப்படிப்பட்ட தளத்தின்மேல் எவ்வளவு போட்டாலும் கேள்வி 1-இல் சொன்ன குறை கீழே அப்படியே இருக்கும். உடைத்துவிடுங்கள். அடி உறுதியாக இருந்தால் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு 4 அங்குலம் முழுதாகப் போடலாம். பழைய இணைப்புக்கோட்டின் நேர்மேலேயே புதிய கோடும் வர வேண்டும். மட்டம் 4 அங்குலம் ஏறியபின் திண்ணையும் கேட்டும் என்னாகும் என்று அளந்த பிறகு முடிவெடுங்கள்.

17. ஆயிரம் லிட்டர் தொட்டிக்கும் மோட்டாருக்கும் இதே கணக்கா?

தொட்டிக்கு 4 அங்குலம் போதும், ஆனால் வாட்டம் கூடாது. பிளாஸ்டிக் தொட்டியின் அடிப்பாகம் முழுதும் சமமாகப் படிய வேண்டும். தொட்டியைவிடச் சுற்றிலும் 6 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். மோட்டார், ஜெனரேட்டர் போன்று அதிரும் பொருள்களுக்குத் தனி மேடை போட்டு, வீட்டுத் தளத்திலிருந்து தெர்மாகோலால் பிரித்துவிடுங்கள். கேள்வி 11-இல் சொன்ன சுவர்ப் பிரிப்பு முறையேதான்.

18. தூசி தொல்லை. முற்றம் முழுவதும் காங்கிரீட் போட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரிதானே?

தயவுசெய்து வேண்டாம். ஆயிரம் சதுர அடி முற்றத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய 4,600 லிட்டர். அதை மண் குடித்தால் உங்கள் கிணற்றுக்கு. காங்கிரீட் தள்ளிவிட்டால் தெருவுக்கு, அல்லது பக்கத்து வீட்டுக்கு. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கூரை நீருக்கு மட்டும் குழாய் வைத்துவிட்டு முற்றத்தை அடைத்துவிட்டால் அந்தச் சட்டம் எதற்காக வந்ததோ அது நடக்காது. வேப்பமரம் இருந்தால் அதைச் சுற்றி நான்கு அடியாவது மண் திறந்திருக்கட்டும். இல்லாவிட்டால் மரமும் வாடும், வேரும் தளத்தைத் தூக்கும்.

கார் நிறுத்தும் இடத்தைக்கூட முழுதாக அடைக்க வேண்டியதில்லை. சக்கரம் ஓடும் தடத்தில் மட்டும் இரண்டு அடி அகலத்தில் இரண்டு பட்டைகள் போட்டு, நடுவில் கூழாங்கல்லோ புல்லோ விடலாம். 200 சதுர அடி 80 ஆகிவிடும். 15 மூட்டை சிமெண்ட் 6 ஆகிவிடும். உங்கள் காரின் சக்கர இடைவெளியை அளந்து, பட்டைகளின் நடுக்கோடு அதோடு பொருந்துமாறு முளையடியுங்கள். நாளை பெரிய வண்டி வாங்கும் எண்ணம் இருந்தால் பட்டையை வெளிப்பக்கமாக இன்னும் அரை அடி அகலப்படுத்திக்கொள்ளுங்கள்.

19. சதுர அடி விலைக்கு மொத்தமாக ஒப்பந்தம் விடலாமா?

விடலாம். ஆனால் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கிராவல் இறுகிய பின் எத்தனை அங்குலம், காங்கிரீட் எத்தனை அங்குலம், கலவை விகிதம், இணைப்புக்கோடு யார் வெட்டுவது, 14 நாள் தண்ணீர் யார் பொறுப்பு. கனம் எழுதாத சதுர அடி விலையில் 4 அங்குலம் என்று பேசியது 3 ஆகிவிடும்; மேலிருந்து பார்த்தால் தெரியாது. கொட்டும்போது ஒரு கம்பித் துண்டில் 4 அங்குலத்தில் பெயிண்ட் கோடு போட்டு வைத்துக்கொண்டு, நான்கைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். குறைந்த இடத்தில் அப்போதே ஒரு பாண்டு கலவை சேர்க்கச் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள்.